பேண்ட் வாத்தியம் ஏன் நின்றது?

1

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் வந்து விழுந்திருக்கிற இந்த வட இங்கிலாந்து மலையடிவாரத்திலும் பேண்ட் வாத்தியப் பைத்தியங்கள் இருக்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, நம் ஊரில் வைகாசி நடக்கிற சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை இங்கே போட்டி வைப்பார்கள். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்துக்கொண்டு பேண்ட் செட்டுகள் வந்து இறங்கும். ஒவ்வொரு செட்டும் கடைத்தெருவில் நடந்தபடியே ஒரு உருப்படி வாசிக்க வேண்டும். பிறகு சர்ச் பக்கத்தில் வட்டமாக நின்று இன்னொன்று. மார்க்குப் போடுகிற நடுவர் எங்கே இருப்பார் தெரியுமா? ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்ட ஒரு வண்டிக்குள்ளே. வாசிப்பது யார் என்று அவருக்குத் தெரியக்கூடாதாம். காதால் கேட்டே சொல்ல வேண்டுமாம். முதல் வருஷம் இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரில், எங்கள் நூம்பலில், நானும் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவும் காலமெல்லாம் செய்தது இதைத்தானே!

இங்கே எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெயர் டோரத்தி. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே வந்து இடம் பிடித்துவிடுவார். அவருக்கு ஒரு மழை வருஷம்தான் உசத்தி. அன்றைக்குக் கொட்டுகிற மழையில் ஒரு செட்டு ஒரு சுரம் பிசகாமல் நடந்து போனதாம், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வாத்தியமே இல்லையாம். நான் விடுவேனா? போன வருஷம் சிவப்புக் கோட்டுக்காரர்கள் திருப்பத்தில் சத்தத்தை அப்படியே அடக்கி எடுத்தார்களே, அதற்கு என்ன பதில் என்று மல்லுக்கு நிற்பேன். என் இங்கிலீஷ் நொண்டும். ஆனாலும் சண்டைக்குக் குறைவில்லை.

முதல் வருஷம் ஒரு செட்டை மெச்சிக்கொள்ளப் போய், "சாவு வீட்டில் வாசிப்பது போல வாசிக்கிறார்கள்" என்று டோரத்தியிடம் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போனது. அது அவருடைய அண்ணன் மகன் வாசிக்கிற செட்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வாசிப்பதைவிடச் சாவுக்குத்தான் உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள், அதனால் இது பெரிய பாராட்டு என்று விளங்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இந்த வருஷம் அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். என் வீட்டுக்காரர் தனசேகர் இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வே கிடையாது, ஒரு வருஷம்கூடப் போட்டிக்கு வந்ததில்லை. இந்தத் தடவை லீவு போட்டார். ஆவடியிலிருந்து அவருடைய தங்கை மல்லிகாவும் வந்திருந்தாள். அப்படி மூன்று பேரும் ஒன்றாக நின்றதால்தான் பத்து வருஷமாக என் கல்யாணத்தைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம் நடுத்தெருவில் பொய்யாகிப் போனது.

2

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் நூம்பல். அப்போதே பாதி வயலில் கல் நட்டு பிளாட் போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுடையது பழைய விவசாயக் குடும்பம். வயசுப் பெண் தெருவில் நின்று பேண்ட் வாத்தியம் பார்ப்பதாவது! முன்னால் நாலு பேர் குடித்துவிட்டு ஆடுவார்கள், அதனால் வாத்தியச் சத்தம் கேட்டதுமே அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். கதவைச் சாத்தலாம், காதைச் சாத்த முடியுமா?

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா நசரத்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாதா கோயில் திருவிழாவில் வாத்தியத்தோடு நடந்து பழகியவர். அவருக்கு என்னைப் போலத் தடை ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்காகச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார். வருகிறது எந்த ஊர் செட்டு என்று முதலில் சொல்பவர் ஜெயித்தவர். பூந்தமல்லி செட்டின் பெரிய டிரம்மில் தோல் தொளதொளத்திருக்கும், 'தொப்' என்று விழும். ஆவடி செட்டுக்குப் பட்டாளத்தில் வாசித்த ஒருவர் பழக்கிக் கொடுத்திருந்தார். ஆரம்பமும் முடிவும் கத்தரித்தது போல இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றினோம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே பேச்சுத்தான்.

"பூந்தமல்லி செட்டுல டிரம்பெட்டு ஆள் மாறிட்டான்க்கா."

"எப்டிடி சொல்ற?"

"பழைய ஆளு மேல போறப்போ மூச்சு வாங்குவான். இவன் வாங்கல."

"அத வுடு. ரைஸ்மில்லுக்காரரு செத்தப்போ ஆவடி செட்டு வாசிச்சான் பாரு, அதுக்கு முன்னால எவனும் நிக்க முடியாது. எனக்கே அயுகை வந்துச்சி. இத்தினிக்கும் அந்தாளு எனக்கு ஆவவே ஆவாது."

முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பெண்கள் உட்கார்ந்துகொண்டு எந்தச் சாவு நன்றாக இருந்தது என்று விவாதம் செய்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? நாங்கள் கவலைப்பட்டதில்லை. அந்த வேலையும் அந்த பஸ்ஸும் அந்தப் பேச்சும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

3

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு மாப்பிள்ளை வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. இங்கிலாந்திலிருந்து லீவில் வந்திருக்கிறார், லீவு முடிவதற்குள் கல்யாணம் முடித்துக் கிளம்ப வேண்டும். பெண் பார்க்க வந்தவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்க சாப்பாட்டுக்கெல்லாம் கஷ்டமில்ல" என்று ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வளவுதான்.

எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"உன்ன யாரு கேட்டா?" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து அலங்காரம் செய்த காரில் மாப்பிள்ளை, முன்னால் ஆவடி செட்டு, இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் தூக்கிய பெண்கள், பின்னால் ஜெனரேட்டர் வண்டி. நான் உள்ளறையில் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் எஸ்தர் அக்கா, "பொண்ணுக்குத் தலவலி, பொண்ணுக்குத் தலவலி" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

வாத்தியம் நெருங்கி வந்தது. அழுகைக்கு நடுவிலும் காது அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ரேஷன் கடை முனையில் திரும்பும்போது ஆவடி செட்டு டிரம்பெட்டை மட்டும் தனியாக விட்டுப் பிறகு மொத்தமாகச் சேர்வார்கள். அதற்காகவே ஊர் ஆண்பிள்ளைகள் அந்த முனையில் காத்திருப்பார்கள். சரியாக அந்த இடம் வந்தது. டிரம்பெட் எழுந்தது.

நின்றுவிட்டது. டிரம் நின்றது, தாளம் நின்றது. ஜெனரேட்டர் மட்டும் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, நடுவுல நிறுத்தமாட்டானே அவன்!" என்று எஸ்தர் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கூடத்தில் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரோடு ஏதாவது தகராறா, யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா, யாருக்கும் தெரியவில்லை.

அப்போது பாவாடை தாவணியில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். மாப்பிள்ளையின் தங்கை மல்லிகா. நேராக என்னிடம் வந்து குனிந்தாள்.

"அண்ணி, உங்களுக்குத் தலவலியாமே. வாத்தியத்த நிறுத்திடச் சொல்லட்டுமான்னு அண்ணா கேட்டுகினு வரச் சொன்னாரு."

எனக்கு அழுகையே நின்றுவிட்டது. "ஐயையோ, வேணாம் வேணாம், வாசிக்கச் சொல்லும்மா! அந்த முனையிலதான் நல்லா வாசிப்பாங்க!" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து, வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் டிரம்பெட் மறுபடி எழுந்தது. அப்பா, என்ன வாசிப்பு அது! விட்ட இடத்திலிருந்து எடுக்காமல் முதலிலிருந்து எடுத்தான் மகராசன். கல்யாணத்துக்கு அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை.

எஸ்தர் அக்கா என் தாடையைப் பிடித்துத் தூக்கினார். "பாத்தியாடி? உன் தலவலிக்காவ ஊர்வலத்தையே நிறுத்துறான் ஒருத்தன். பேசாம கட்டிக்கோ."

கட்டிக்கொண்டேன். கழுத்தை நீட்டும்போது மனசில் இருந்த தைரியமெல்லாம் அதுதான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாட்களிலும், என் தலைவலிக்காக வாத்தியத்தை நிறுத்தியவர் இவர் என்றுதான் என்னைத் தேற்றிக்கொண்டேன். இதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து இதையெல்லாம் பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் ஏது?

4

மல்லிகா இங்கே வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. விசாவுக்குப் போன இடத்தில் எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க அண்ணி போகச் சொல்ற வரைக்கும்" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு பதிலுக்காக இன்னும் மூன்று காகிதம் கொண்டுவரச் சொல்லி அலையவிட்டார்கள். மரியாதைக்குச் சொன்னது மாட்டிவைத்துவிட்டது.

போட்டியன்று சிப்ஸ் பொட்டலத்தோடு அவள் என் பக்கத்தில் நின்றாள். என் வீட்டுக்காரர் காகிதக் கோப்பையில் டீயோடு பின்னால். எங்கள் மகள் கவிதா சிநேகிதிகளோடு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். வாத்தியம் வந்தால் நான் சத்தமாகப் பேசுவேன், கை தட்டுவேன், தெரியாதவர்களிடமும் வாதாடுவேன். அது அவளுக்கு மானக்கேடு. "அம்மா, ப்ளீஸ்" என்று தொடங்கி மீதியை இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். நான் தமிழில் திட்டினால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். திட்டு அவளுக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது. எனக்கு அது வருத்தம்தான், என்ன செய்ய?

நீலக்கோட்டு செட்டு ஒன்று நடந்து வந்து நடுவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. வாத்தியம் ஓய்ந்து, அடுத்த உருப்படிக்கு முன்னால் தெரு முழுக்க அமைதி. அந்த அமைதி வந்ததும் எனக்கு வழக்கம்போல வாய் துறுதுறுத்தது. டோரத்திக்கு வருஷா வருஷம் சொல்கிற கதையை எடுத்தேன். இந்த வருஷம் கதாநாயகரும் கூட நிற்கிறாரே!

"இவர்தான் அந்த ஆள். என் தலைவலிக்காகக் கல்யாண ஊர்வலத்தில் வாத்தியத்தை நிறுத்தியவர்" என்று அவர் தோளைத் தட்டிக் காட்டினேன்.

டோரத்தி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தலவலியா? யாருக்கு?"

"எனக்குத்தான். ரேஷன் கடை முனையில. மல்லிகாவை அனுப்பிக் கேட்டீங்களே."

"நான் தலவலியப் பத்திக் கேக்கலயே கோமளா."

பக்கத்தில் சிப்ஸ் தொண்டையில் சிக்கி மல்லிகா இருமினாள். இருமி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"மல்லி," என்றார் அவர். "நான் உன்னை இன்னா கேட்டுட்டு வரச் சொன்னேன்?"

5

அவள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் சொன்னதையும் அவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஊர்வலத்தில் காருக்குப் பக்கத்தில் டியூப்லைட் தூக்கி வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "பொண்ணு இஷ்டமில்லன்னு அயுதுகினே கீதாம். சோறு துன்னலியாம்." அது மாப்பிள்ளை காதில் விழுந்திருக்கிறது. மனுஷர் காரை விட்டு இறங்கி, முன்னால் போய், வாத்தியத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். தங்கையைத் தனியாக அழைத்து, "போய் அந்தப் பொண்ணுகிட்டயே கேளு. என்னைக் கட்டிக்க இஷ்டமா இல்லையா? இல்லன்னா இப்பவே சொல்லச் சொல்லு. இப்படியே திரும்பிப் போயிடறேன், பழி என் மேல போட்டுக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"நான் எப்டிண்ணா கேப்பேன்?" என்றாள் மல்லிகா. "அப்போ எனக்குப் பதினேழு வயசு. பந்தல் போட்டாச்சு, சமையல் ஆயிகினு இருக்கு, அண்ணியோட அப்பா வாசல்ல நிக்கிறாரு. உள்ள போனா அந்த எஸ்தர் அக்கா தலவலி தலவலின்னு சொல்லிகினு இருந்தாங்க. வாயில அதான் வந்துச்சு. அவங்க வாசிக்கச் சொல்லுன்னாங்க. நீங்க கேட்டப்போ அண்ணிக்கு இஷ்டம்தான்னு சொல்லிட்டேன். பத்து வருஷமா வயித்துல நெருப்பக் கட்டிகினு இருக்கேன்."

நீலக்கோட்டுக்காரர்கள் என்னவோ வாசித்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என் வாழ்க்கையிலேயே வாத்தியம் காதில் ஏறாத ஒரே நேரம் அதுதான். அவர் டீக்கோப்பையை டோரத்தியின் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு மேட்டுத் தெருவில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு மல்லிகா மேல் வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது. என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. அதைத் தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடுவில் மாற்றிவிட்டாளே பாவி! "ஏண்டி, கேட்டிருக்கலாமில்லடி?" என்று கத்தினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து கவிதா ஓடியே வந்துவிட்டாள்.

கத்தி முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தலைவலிக்காக வாத்தியத்தை நிறுத்துகிற நல்ல மனசு பத்துப் பேருக்கு இருக்கும். ஊரே கூடி நிற்கிற தெருவில், மாலை போட்ட கழுத்தோடு இறங்கி நின்று, பெண் வேண்டாம் என்றால் திரும்பிப் போகிறேன் என்று சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? பெற்ற அம்மா கேட்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். இந்த மனுஷர் கேட்டிருக்கிறார். என்னிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பெண் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே போய்க் கேட்டுத் தொலையுங்கள்.

6

கவிதா, "வாட் ஹாப்பண்ட்?" என்றாள். "உங்க அப்பா ஒரு கேள்வி கேட்டாரு, அது இப்பத்தான் வந்து சேந்துச்சு" என்றேன். புரிந்ததோ இல்லையோ, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நான் மேட்டில் ஏறினேன். அவர் ஒரு கல் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே தெருவைப் பார்த்தபடி நின்றார். என்னைப் பார்த்ததும் நேராக நின்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"நீ இஷ்டம்னு சொன்னதா நெனச்சுகினு இருந்தேன்" என்றார். "ஒவ்வொரு தடவை நீ ஊரை நெனச்சு அழுறப்பவும், இவ இஷ்டப்பட்டுத்தானே வந்தான்னு மனசைச் சமாதானம் பண்ணிக்குவேன். இப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." கீழே மல்லிகா இருந்த பக்கம் பார்த்தார். "அன்னிக்கு அவ ஒழுங்கா கேட்டிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?"

பத்து வருஷத்துக்குப் பிறகு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"வேணாம்னுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண் கலங்கிப்போனது. கோபமில்லை, வாக்குவாதமில்லை. "சரி" என்றார். "நானும் சொன்ன மாதிரியே திரும்பிப் போயிருப்பேன்."

"தெரியும்" என்றேன். உண்மையாகவே அது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் நான் சமைத்துப் போட்ட ஆளை எனக்குத் தெரியாதா?

கீழே அடுத்த செட்டு வந்துகொண்டிருந்தது. எந்த செட்டு என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ இப்ப நானே கேக்கறேன். உனக்கு இஷ்டமா?"

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"இஷ்டம்தான்" என்றேன். "அன்னிக்கே கேட்டிருந்தா வேணாம்னு சொல்லித் தொலைச்சிருப்பேன். நல்லவேளை, அவ கேக்கல."